ஐந்து துறைகளுக்கு ஒரே ஆய்வுக்கூடம்: முதலில் ஆள், பிறகு கருவி

கேள்வி இது: ஒரு பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிர்தொழில்நுட்பம், மருந்தியல் துறைகளும், பக்கத்து மருத்துவக் கல்லூரியின் நோயியல் துறையும் சேர்ந்து பொது ஆய்வுக்கூடம் அமைக்க நினைக்கின்றன. ஃப்ளோ சைட்டோமீட்டர் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் வழியே ஓட்டி அளக்கும் கருவி), கன்ஃபோகல் நுண்ணோக்கி (செல்லை அடுக்கடுக்காகப் படம் பிடிப்பது), மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர்கள், ஒரு செல் வளர்ப்பு அறை. எங்கே தொடங்குவது, எது கெட்டுப்போகும்?

கொட்டேஷன் வாங்குவதற்கு முன் ஒரு தாளில் இதற்கு விடை எழுதுங்கள். வாரண்டி முடிந்த மறுநாள் கருவி நின்றுபோனால் சர்வீஸ் இன்ஜினீயரைக் கூப்பிடுவது யார், அவருக்கான பணம் எந்தத் தலைப்பிலிருந்து போகும்? ஐந்து துறைத்தலைவர்களும் ஒரே விடையை எழுதினால் மற்றதையெல்லாம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஐந்து விடை வந்தால் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

பொதுக் கருவிகள் முதல் வருடத்தில் படுப்பதில்லை. மூன்று வருட வாரண்டி முடியும்போதுதான் கருவியை வாங்கித் தந்த ப்ராஜெக்ட்டும் முடிகிறது. அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஸ்காலரும் அதே சமயத்தில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டுக் கிளம்புகிறார். அதன்பின் ஒரு சின்ன பம்ப் பழுதுகூட ஒரு கோடி ரூபாய்க் கருவியைத் துணி போர்த்திய சிலையாக்கிவிடும். எனவே முதலில் நிரப்ப வேண்டியது முழுநேர ஆபரேட்டர் பதவியை. ஆராய்ச்சி மாணவரை முறைவைத்து ஆபரேட்டராக உட்கார வைப்பது செலவில்லாத வழி போலத் தோன்றும். அவருடைய சொந்த வேலை கெடும், அடுத்தவர் சாம்பிளைத் தன்னுடையதுபோல் பார்க்கவும் அவருக்குக் காரணம் கிடையாது.

வாங்குவதற்கு முன் இன்னொன்று. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் சைஃப் மையங்கள் (பலரும் பயன்படுத்தும் உயர்நிலைக் கருவிக் கூடங்கள்) 1970களிலிருந்து இயங்குகின்றன. சென்னை ஐஐடியிலும் ஒன்று உண்டு. 2020 ஜனவரியில் தொடங்கிய ஐ-ஸ்டெம் இணையதளத்தில், அரசு நிதியில் வாங்கிய கருவிகள் எந்த நிறுவனத்தில் உள்ளன, என்ன கட்டணம் என்று பார்த்து முன்பதிவு செய்யலாம். மாதத்துக்கு நாலு சாம்பிள்தான் என்றால் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் கருவி) வேலையை வெளியே கொடுத்துச் செய்வதே லாபம். உயிருள்ள செல்லோடு வேலை செய்யும் ஃப்ளோ சைட்டோமீட்டரும் கன்ஃபோகலும் அப்படியல்ல. செல்லைப் பேருந்தில் ஏற்றி மூன்று மணி நேரம் அனுப்பினால் போய்ச் சேருவது வேறு செல். அவை பக்கத்தில் இருக்கத்தான் வேண்டும்.

கட்டணக் கணக்கு

"துறைக்கு இவ்வளவு" என்று சந்தா வசூலிப்பது முதல் வருடமே சண்டையில் முடியும். குறைவாகப் பயன்படுத்துகிறவர் கொடுக்க மறுப்பார், அதிகம் பயன்படுத்துகிறவர் இன்னும் அதிகம் பயன்படுத்துவார். மணிக்கணக்குதான் நியாயம். ஒரு மாதிரிக் கணக்கு; எண்கள் வழிமுறைக்காக வைத்துக்கொண்டவை, உங்கள் கொட்டேஷனைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கருவி ஃப்ளோ சைட்டோமீட்டர், விலை 1.2 கோடி. உதிரிபாகங்களும் சேர்ந்த சிஎம்சி என்ற முழுப் பராமரிப்பு ஒப்பந்தம் விலையில் 8 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 9.6 லட்சம். ஆபரேட்டர் சம்பளம் 6 லட்சம். ஷீத் திரவம் (செல்லைச் சுமந்து ஓடுவது), தரச்சோதனை மணிகள் (கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்கும் நுண்ணிய உருண்டைகள்), சுத்திகரிப்புத் திரவம் 2.4 லட்சம். மின்சாரம், ஏசி 1 லட்சம். யுபிஎஸ் பேட்டரிக்காக ஒதுக்கி வைப்பது 1 லட்சம். மொத்தம் 20 லட்சம். வேலைநாள் 250, நாளுக்கு 6 மணி நேரம் என்றால் 1,500 மணி. அத்தனையும் நிரம்பாது, 65 சதவீதம் நிரம்பினால் 975 மணி. ஒரு மணிக்கு ஏறத்தாழ 2,050 ரூபாய் வருகிறது.

இந்த எண்ணைப் பார்த்ததும் கூட்டத்தில் அமைதி நிலவும். உள் ஆட்களுக்கு 600, மருத்துவக் கல்லூரிக்கு 1,000, தனியார் நிறுவனங்களுக்கு 3,500 என்று பிரிக்கலாம். அதில் எவ்வளவு குறைகிறதோ அதைப் பல்கலைக்கழகம் தருகிறது என்று பதிவாளர் கையொப்பத்தோடு எழுத்தில் வாங்க வேண்டும். வாய்மொழி உறுதி துணைவேந்தர் மாறும்வரைதான் செல்லும். வசூலான தொகை பல்கலைக்கழகப் பொது வருவாயில் போய்க் கரையாமல் இருக்கத் தனிக் கணக்குத் தலைப்பு வேண்டும். வெளியாட்களிடம் வாங்கும் சோதனைக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி பற்றி நிதி அலுவலரிடம் முன்கூட்டியே கேளுங்கள். தணிக்கையில் தெரிந்துகொள்வது வலிக்கும். கட்டணத்தைத் துறைத்தலைவர் பெயரில் போடாமல் ப்ராஜெக்ட் எண்ணின் மேல் போடுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு ஆய்வாளரும் அடுத்த நிதிக்கோரிக்கையில் "பொதுக்கருவிக் கட்டணம்" என்று ஒரு வரி சேர்ப்பார்.

சிஎம்சி விலையை, கருவி வாங்கும் அதே டெண்டரில், நான்காம் ஆண்டிலிருந்து எட்டாம் ஆண்டுவரை பூட்டிவிடுங்கள். வாங்கியபின் பேரம் பேசினால் உங்கள் கையில் பிடி எதுவும் இருக்காது.

ஃப்ளோ சைட்டோமீட்டர்: வரிசையில்தான் விஷயம்

பலர் பகிரும்போது இந்தக் கருவியில் வரும் தொல்லைகளில் பாதி, யாருக்குப் பின் யார் உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. செல் சுழற்சி (செல் பிரியும் கட்டங்கள்) பார்ப்பவர்கள் போடும் ப்ரோபிடியம் அயோடைடு என்ற சிவப்புச் சாயம் கருவியின் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். (ஸ்காலர்கள் அதைப் பிஐ என்பார்கள், ப்ராஜெக்ட்டின் முதன்மை ஆய்வாளரான பேராசிரியரையும் பிஐ என்பார்கள். ஒட்டிக்கொள்வது சாயம்தான்.) சரியாகக் கழுவாமல் போனால் அடுத்தவருடைய சாம்பிளில் இல்லாத சிவப்பு சிக்னல் தெரியும், அவர் தன் ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டும், சாயம் ஏற்றிய மூலக்கூறு) நன்றாக வேலை செய்கிறது என்று மகிழ்ந்துபோவார். ஆகவே முன்பதிவுப் பட்டியலிலேயே விதி வையுங்கள்: காலையில் உயிருள்ள செல், நண்பகலில் ஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்திய (கொன்று பதப்படுத்திய) செல், கடைசி இடம் ப்ரோபிடியம் அயோடைடு, அக்ரிடின் ஆரஞ்சு போன்ற ஒட்டும் சாயங்கள். நிலைநிறுத்தாத மனித ரத்தம் வருகிற நேரத்தைத் தனியாக ஒதுக்கி, ஆபரேட்டர் உடனிருக்க வேண்டும் என்று வையுங்கள்.

காலை வேலை: லேசர் சூடேற 30 நிமிடம், பிறகு தரச்சோதனை மணிகள். அன்றைய எண்ணை வரைபடத்தில் ஏற்றி, சுவரில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டுங்கள். லேசர் சக்தி சரிவதை அந்தக் கோடு வாரக்கணக்கில் முன்பே சொல்லிவிடும். ஒவ்வொருவரும் எழுந்திருக்கும்முன் 10 சதவீத ப்ளீச் 5 நிமிடம், பிறகு வடிகட்டிய நீர் 5 நிமிடம், இரண்டும் வேகமான ஓட்டத்தில். இந்தப் பத்து நிமிடத்தை அவருடைய முன்பதிவு நேரத்துக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். வெளியே வைத்தால் யாரும் செய்யமாட்டார்கள்.

அடைப்பு வருவது பெரும்பாலும் செல் கட்டிகளால். செத்த செல்லிலிருந்து வெளிவரும் டிஎன்ஏ பசைபோல் மற்ற செல்களைப் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்க: கால்சியம், மக்னீசியம் இல்லாத பஃபர் கரைசல், 2 மில்லிமோலார் இடிடிஏ (கால்சியத்தைப் பிடித்துவைக்கும் வேதிப்பொருள்), ஒரு மில்லியில் சுமார் 10 லட்சம் செல், கடைசியாக 35 அல்லது 40 மைக்ரான் வலையில் வடிகட்டல். வலையில் வடிகட்டாத குழலைக் கருவியில் வைக்கக்கூடாது என்பதை ஒரே தண்டனை விதியாக வையுங்கள்: மீறினால் அன்றைய நேரம் ரத்து. விதிகள் இருபது இருந்தால் எதையும் யாரும் மதிப்பதில்லை.

ஒவ்வொரு சாயத்தையும் தனித்தனியாகப் போட்ட ஒப்பீட்டுக் குழல்கள் இல்லாமல் நான்கு நிறச் சோதனைக்கு வருபவர்களைத் திருப்பி அனுப்ப ஆபரேட்டருக்கு அதிகாரம் கொடுங்கள். பேராசிரியர் போனில் கூப்பிட்டாலும் அந்த அதிகாரம் நிற்க வேண்டும். ஒருமுறை வளைந்தால் பிறகு நிமிராது.

கன்ஃபோகல்

இங்கே எதிரிகள் எண்ணெயும் ஈரமும். 63 மடங்கு எண்ணெய் லென்ஸைப் பயன்படுத்திவிட்டு அதே ஸ்லைடை 20 மடங்கு உலர் லென்ஸுக்குத் திருப்பினால், அந்த உலர் லென்ஸ் எண்ணெயில் முக்கியதுபோல் ஆகிவிடும். உலர் லென்ஸில் பார்க்க வேண்டியதை முதலில் முடி, எண்ணெய்க்குப் போனபின் திரும்பாதே: இந்த வரியைக் கருவியின் மேலேயே ஒட்டுங்கள். துடைப்பதற்கு லென்ஸ் தாள் மட்டும். ஸ்லைடின் ஓரத்தை மூடிய நகப்பூச்சு காயாமல் வந்தால் அது லென்ஸ் முகப்பில் ஏறும். முந்தின நாளே பூசச் சொல்லுங்கள்.

கவர் ஸ்லிப் (சாம்பிளை மூடும் மெல்லிய கண்ணாடி) தடிமன் பற்றிக் கேட்டால் பாதிப்பேர் விழிப்பார்கள். இந்த லென்ஸ்கள் 0.17 மில்லிமீட்டர் கண்ணாடிக்காக வடிவமைக்கப்பட்டவை. அதாவது நம்பர் 1.5. நம்பர் 1 அதைவிட மெல்லியது, சாதாரண பிளாஸ்டிக் தட்டின் அடிப்பாகமோ பல மடங்கு தடிமன். படம் மங்கலாக வந்ததும் பழி கருவியின் மேல் விழும். நம்பர் 1.5 பெட்டிகளை மொத்தமாக வாங்கிப் பொதுக்கூடமே விற்கட்டும். சிறிய செலவு, பெரிய நிம்மதி.

சென்னை, புதுச்சேரி, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். மாலை ஐந்து மணிக்கு ஏசியை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம்தான் முக்கியக் காரணம். இரவில் ஈரக்காற்று உள்ளே வருகிறது, காலையில் மறுபடி குளிர்விக்கும்போது குளிர்ந்த பரப்புகளில் படிகிறது. ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே 24 மணி நேரமும் இருக்க வேண்டும். ஏசி இரண்டு வைத்து மாறி மாறி ஓட்டுங்கள், தனி டீஹியூமிடிஃபையர் ஒன்றும் வையுங்கள். மின்சிக்கனச் சுற்றறிக்கையிலிருந்து இந்த அறைக்கு விலக்கு என்று எழுதி வாங்கிக் கதவில் ஒட்டுங்கள். காவலாளி நல்லெண்ணத்தில்தான் அணைக்கிறார்.

பாதரச விளக்கு உள்ள பழைய கருவி கைக்கு வந்தால்: எரியவிட்டு அரைமணிக்குள் அணைக்கக்கூடாது, அணைத்தபின் ஆறும்வரை மறுபடி போடக்கூடாது, சுமார் 200 மணி நேரத்தில் மாற்ற வேண்டும். பலர் வந்துபோகும் இடத்தில் இந்த மூன்றையும் காப்பாற்ற முடியாது. எல்இடிக்கு மாறிவிடுங்கள்.

இதில் வரும் கோப்பின் அளவையும் முன்பே எண்ணுங்கள். 1024க்கு 1024 புள்ளி, 16 பிட் என்றால் ஒரு படம் 2 எம்பி. மூன்று நிறம், முப்பது அடுக்கு, அறுபது நேரப்புள்ளி: 5,400 படம், 10 ஜிபிக்கு மேல், ஒரே பிற்பகலில். கருவியின் கணினி ஒரு மாதத்தில் நிரம்பும், நிரம்பியதும் யாரோ யாருடைய கோப்பையோ அழிப்பார்கள். பென் டிரைவை அடியோடு தடை செய்து, உள் வலையமைப்பில் ஒரு சேமிப்பகம் வையுங்கள். கருவிக் கணினிகள் பெரும்பாலும் பழைய விண்டோஸில், அப்டேட் இல்லாமல் ஓடுபவை. ஒரு வைரஸ் போதும். கருவிக் கணினியில் உள்ள கோப்பு 30 நாளில் அழியும் என்று முதல் நாளே கையொப்பம் வாங்குங்கள்.

ஃப்ரீசர்

மைனஸ் 80 ஃப்ரீசர் ஒன்று நாளுக்கு ஏறத்தாழ 15 முதல் 20 யூனிட் குடிக்கும். மைனஸ் 70ல் வைத்தால் அதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமாகும், கம்ப்ரஸரும் நீடித்து உழைக்கும். டிஎன்ஏ, பெரும்பாலான புரதச் சாம்பிள்களுக்கு அது போதும். பின்பக்கம் 15 சென்டிமீட்டர் இடைவெளி, மாதம் ஒருமுறை தூசி வடிகட்டி சுத்தம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறைபனி சுரண்டல். இதை ஆபரேட்டரின் வேலை என்று விட்டால் நடக்கும். "எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் நடக்காது.

காலியான ஒரு ஃப்ரீசர் எப்போதும் குளிர்ந்தே இருக்க வேண்டும். இதற்குத்தான் அதிக எதிர்ப்பு வரும், "சும்மா ஓடுகிறதே" என்று. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரு ஃப்ரீசரின் வெப்பநிலை ஏறத் தொடங்கினால் நானூறு பெட்டிகளை மாற்ற வேறு இடம் கிடையாது. பெட்டிக்கு 81 குழல் என்றால் 32,400 சாம்பிள். அலாரத்தை ஃப்ரீசரின் சொந்த உணரியோடு விட்டுவிடாதீர்கள்; அந்த உணரியே கெட்டால் அலாரமும் ஊமை. தனி உணரி, மைனஸ் 65ஐத் தொட்டதும் மூன்று பேருக்கு எஸ்எம்எஸ், அந்த மூவரில் ஒருவர் வளாகத்திலேயே குடியிருப்பவர்.

அடுக்குக்கு வாடகை வாங்குங்கள், சிறு தொகையானாலும். வாடகை இல்லாத அடுக்கில் பட்டம் வாங்கிப் போனவர்களின் குழல்கள் வருடக்கணக்கில் தங்கும். இதற்கு மிகச் சிறந்த கருவி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: நோ டியூஸ் படிவம். நூலகம், விடுதி, ஆய்வகம் என்று இருப்பதில் "பொது ஃப்ரீசர்" என்று ஒரு வரி சேருங்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கும்முன் பெட்டிப் பட்டியலை ஒப்படைத்தே ஆக வேண்டும்.

திரவ நைட்ரஜன் வைக்கும் அறை தனியாக, காற்றோட்டத்தோடு இருக்கட்டும். ஒரு லிட்டர் ஆவியானால் 700 லிட்டர் அளவு வாயு. கதவடைத்த சின்ன அறையில் வாசனையே தெரியாமல் ஆள் விழுந்துவிடுவார். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் கத்தும் அலாரம் கட்டாயம்.

செல் வளர்ப்பு அறையைப் பகிராதீர்கள்

முடிந்தால் இதை மட்டும் பொதுவாக்க வேண்டாம். மைக்கோபிளாஸ்மா (மிகச் சிறிய பாக்டீரியா) ஒரு குழுவின் செல்லில் இருந்தால் ஒரு மாதத்தில் எல்லாருடையதிலும் இருக்கும். செல்சுவர் இல்லாததால் பென்சிலினுக்கு மசியாது, 0.22 மைக்ரான் வடிகட்டியில்கூட நழுவிப் போகும், செல் வளரும் திரவமான ஊடகமும் கலங்காது. செல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், முடிவு மட்டும் பொய்யாக வரும்.

வேறு வழியில்லை என்றால் தனி ஹூடும் (கிருமி புகாத வேலைப் பெட்டி) தனி இன்குபேட்டரும் (செல் வளரும் வெப்பப் பெட்டி) கொண்ட தனிமைப்படுத்தும் மூலை ஒன்று வேண்டும். வெளியிலிருந்து வரும் எந்த செல்லும், நண்பர் கொடுத்தாலும், மைக்கோபிளாஸ்மாவின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனையில் இருமுறை தேறும்வரை அங்கேயே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவற்றுக்கும் மாதாமாதம் சோதனை. ஊடகம், ட்ரிப்சின் (செல்லைத் தட்டிலிருந்து பிரிக்கும் நொதி) புட்டிகள் ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனி, கடன் கொடுக்கக்கூடாது. செல் லைனை (தொடர்ந்து வளரும் செல் வகை) புனேயின் என்சிசிஎஸ் (தேசிய செல் அறிவியல் மையம்) போன்ற களஞ்சியத்திலிருந்து வாங்கி, ஆரம்பத்திலேயே இருபது குழல் உறையவைத்துக்கொண்டால் அடுத்தவரிடம் கேட்கும் அவசியமே வராது. நோயியல் துறையிலிருந்து வரும் திசுவும் ரத்தமும் இந்த அறைக் கதவைத் தாண்டவே கூடாது.

மருத்துவக் கல்லூரியோடு சேரும் இடம்

நோயியல் துறை தரும் ரத்தம் எந்த மூடிக் குழலில் வருகிறது என்பதில் தொடங்குங்கள். பச்சை மூடிக் குழலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் பிசிஆரையும் தடுக்கும். மரபணு வேலைக்கு ஊதா மூடி இடிடிஏ. பிளாஸ்மா வேண்டுமென்றால் எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்ற வேண்டும். வார்டில் எடுத்த நேரமும் சுழற்றிய நேரமும் குழலில் எழுதப்பட வேண்டும். எழுதாத குழலை வாங்காதீர்கள். செவிலியருக்கு அரைமணி வகுப்பெடுத்து, காரணத்தையும் சொன்னால் எழுதுவார்கள்.

அடுத்தது, செய்முறைக் குறிப்பில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எழுதுவது. இரண்டு இடத்திலும் "3,000 ஆர்பிஎம், 10 நிமிடம்" என்றே இருக்கும். ரோட்டரின் (சென்ட்ரிஃப்யூஜின் சுழலும் தலை) ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால் அது சுமார் 1,000 ஜி, அதாவது புவியீர்ப்பைப்போல் 1,000 மடங்கு விசை. 17 சென்டிமீட்டர் என்றால் 1,700 ஜி. ஒரு இடத்துப் பிளாஸ்மாவில் பிளேட்லெட் மிதக்கும், மற்றதில் குறையும்; நோயாளிக்கும் ஆரோக்கியமானவருக்கும் வித்தியாசம் கண்டுபிடித்துவிட்டதாகக் கட்டுரை எழுதியிருப்பீர்கள், உண்மையில் கண்டுபிடித்தது இரண்டு சென்ட்ரிஃப்யூஜுக்கு இடையிலான வித்தியாசத்தை. எப்போதும் ஜி கணக்கில் எழுதுங்கள். ஆரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, ஆர்பிஎம்மின் வர்க்கத்தால் பெருக்கி, அதை 0.00001118ஆல் பெருக்கினால் ஜி கிடைக்கும். நோயாளிச் சாம்பிளும் ஒப்பீட்டுச் சாம்பிளும் ஒரே கட்டிடத்தில், ஒரே நாளில், கலந்து ஓட வேண்டும்.

அனுமதிகளில் பலர் தடுமாறுவது இங்கே: மருத்துவக் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்துவிட்டது என்பதால் பல்கலைக்கழகத்துக்கும் அது போதும் என்று நினைத்துக்கொள்வது. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 வழிகாட்டுதல்படி இரண்டு இடத்தின் குழுக்களும் விஷயத்தை அறிந்திருக்க வேண்டும். ஒரே மதிப்பாய்வை ஏற்பதென்றால் அதையும் எழுத்தில் தர வேண்டும். சம்மதப் படிவத்தில் சாம்பிள் வெளியே போகிறது, எவ்வளவு காலம் சேமிக்கப்படும் என்ற வரிகள் இல்லையென்றால் பிறகு நீங்களாகச் சேர்க்க முடியாது. நோயாளியின் பெயரையும் குறியீட்டையும் இணைக்கும் பட்டியல் மருத்துவமனையிலேயே இருக்கட்டும். பல்கலைக்கழகத்துக்குக் குறியீடு மட்டும் வரட்டும். மரபணு மாற்றிய உயிரிகளுக்கும் ஆபத்தான நுண்ணுயிரிகளுக்கும் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 1989 விதிகளின் கீழ் உயிரிப் பாதுகாப்புக் குழு தனி. உயிரிமருத்துவக் கழிவுக்கு 2016 விதிகள்: ஃப்ளோ சைட்டோமீட்டரின் கழிவுத் தொட்டியில் நிரம்பும்முன்பே ப்ளீச் ஊற்றிவைப்பது இதன் சின்ன, ஆனால் தினசரிப் பகுதி.

பெயர் போடுவது

கட்டணம் கட்டி நீங்களே ஓட்டினால் நன்றியுரையில் கூடத்தின் பெயர், அவ்வளவுதான். ஆபரேட்டர் சோதனைக்கான சாயச் சேர்க்கையை வடிவமைத்து, முடிவை அலசி, கட்டுரையின் அந்தப் பகுதியை எழுதித் திருத்தினால் அவர் ஆசிரியர். சம்பளம் வாங்குகிறார் என்பது மறுப்பதற்குக் காரணமல்ல; நாமும்தான் வாங்குகிறோம். இதைச் சோதனைக்கு முன் ஒரு மின்னஞ்சலில் பேசி முடிக்க வேண்டும். கூடத்தின் தலைவர் என்பதற்காக எல்லாக் கட்டுரையிலும் ஒருவர் பெயர் ஏறுவது வேறு கதை, அதை முதல் கூட்டத்திலேயே மறுத்துவிடுங்கள். நன்றியுரை வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள், எல்லோரும் ஒரே வாசகத்தைப் போட்டால்தான் மூன்று வருடம் கழித்து நிதி கேட்கும்போது தேடி எண்ண முடியும்.

நிர்வாகக் குழுவில் துறைக்கு ஒருவர், ஆபரேட்டர், ஒரு ஸ்காலர் பிரதிநிதி என்று ஏழு பேர் போதும். தலைமை ஆண்டுதோறும் சுழலட்டும், சாவி மட்டும் எப்போதும் ஆபரேட்டரிடம். முதல் ஆறு மாதப் பதிவேட்டை எடுத்து மூன்று எண்ணை மட்டும் பாருங்கள்: பதிவு செய்துவிட்டு வராதவர்களின் மணிநேரம், கருவி நின்ற நாட்கள், அதிகம் பயன்படுத்திய குழுவின் பங்கு. ஒரே குழு பாதிக்கு மேல் எடுத்திருந்தால் வாரத்துக்கு இத்தனை மணி என்று வரம்பு வையுங்கள். வராமல் போனவர்கள் நிறைய என்றால், 24 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்யாதவரிடம் முழுக் கட்டணமும் வசூலியுங்கள், முதல் ரசீதை உங்கள் சொந்த ஆய்வகத்துக்கே அனுப்பினாலும் சரி.